தவளைகளுக்கு மனக்கவலை இல்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது விரலில் ஒட்டிக்கொண்டது.

திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கியாசுதீன் பாய் நடத்தும் தட்டச்சு நிலையத்தில் எனக்கு வேலை. பகலில் பிறர் எழுதியதை அடிப்பேன். மாலையில் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி, பிறர் படிக்காததை எழுதுவேன். என் கதைகள் சென்னைக்குப் போய்த் திரும்பி வருவதில் காட்டுகிற ஒழுங்கை நம் ரயில்கள் காட்டினால் நாடு எப்போதோ முன்னேறியிருக்கும்.

வழக்கமாக வேடிக்கைக் கதைதான் எழுதுவேன். மாமியார், மூட்டைப்பூச்சி, பெண் பார்க்கும் படலம். இதையும் அப்படித்தான் நினைத்தேன். ஐந்து துறைப் பேராசிரியர்கள் ஒன்றுகூடி ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார்கள் என்றால் அதைவிட வேடிக்கை என்ன வேண்டும்? பக்கம் போகப் போகத்தான் சிரிப்பு நின்றது. இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். எங்காவது பிழை இருந்தால் பல்லைக் குறை சொல்லுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'தொட்டியத்தில் காவிரிக் கரையோரம் வாழைத்தோட்டங்கள் பச்சைப் பசேலென்று காற்றில் தலையசைத்து –'

(நிறுத்து. அந்தப் பச்சையை என்ன கொடுத்து வாங்கினார்கள் என்பதுதான் கதையே. அதற்குள் தலையசைப்பு வேறு.)

இரண்டாம் தொடக்கம்: '1964-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் மருதை என்ற கூலியாள் இறந்தான்.'

(அறிக்கையின் வாடை அடிக்கிறது. அந்த 'இறந்தான்' தொண்டையில் நிற்கிறது. மருதையை உயிரோடு பார்த்திருந்தால் நானும் 'வாப்பா, போப்பா' என்றுதான் பேசியிருப்பேன். செத்த பிறகாவது மரியாதை கொடுப்போம். இனி அவர்.)

சரி, நேராகவே சொல்கிறேன். மருதை, வெள்ளைச்சாமி என்பவரின் வாழைத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர். முதுகில் பம்ப், மேலுக்கு ஒரு கிழிந்த பனியன், மூக்குக்குத் துண்டு. ஆடிக் காற்று சுழன்று அடித்த நாளில் மருந்து இலைமேல் விழுந்ததைவிட அவர்மேல் விழுந்ததுதான் அதிகம். பம்ப் வேறு ஒழுகி முதுகெல்லாம் நனைந்திருந்தது. வீட்டுக்கு வந்து தலை சுற்றுகிறது என்று படுத்தார். வாயில் நுரை தள்ளியது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். தோட்டத்து வாய்க்காலில் தவளைகள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்ததும் அதே நாள்தான்.

அந்தத் தோட்டத்தில் அப்போது ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. திருச்சியில் ஒரு கல்லூரி – பெயர் சொல்லமாட்டேன், எனக்கும் சோறு வேண்டும் – புதிய பூச்சிமருந்தைப் பற்றி ஐந்து துறைகளை வைத்து ஆராய்ந்தது. மருத்துவம், விலங்கியல், கணிதம், இன்ஷூரன்ஸ் புள்ளிவிவரம், மனோதத்துவம். ஒரு சாவை இத்தனை படித்தவர்கள் சூழ்ந்து நின்று பார்த்தது தொட்டியம் வட்டாரத்தில் அதுவே முதல்முறை.

3

தட்டச்சுக்காக என்னிடம் வந்த அவர்கள் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. சுருக்கித் தருகிறேன்.

விலங்கியல் அத்தியாயத்தை எழுதியவர் சகாயநாதன், விரிவுரையாளர். வாய்க்காலில் தவளைகள் செத்தது தோல் வழியாக உள்ளே போன மருந்தினால் என்று தெளிவாக எழுதியிருந்தார். நல்ல மனிதர். தவளைகளுக்கு வீட்டில் ஏதாவது மனக்கவலை இருந்ததா என்று அவர் விசாரிக்கவில்லை.

மருத்துவர் எழுதியது: இறந்தவர் உடலில் மருந்தின் விஷம் இருந்தது உறுதி. தோல் வழியாகப் போனதா, வாய் வழியாகப் போனதா என்று சொல்வதற்கில்லை. இந்தக் கேள்வி மனோதத்துவத் துறையைச் சார்ந்தது.

கணிதம்: ஒரே ஒரு சாவைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது.

இன்ஷூரன்ஸ் புள்ளிவிவரக்காரரின் அட்டவணையில் நோய், விபத்து, தற்கொலை என்று மூன்று கட்டங்கள். விபத்து என்றால் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டுமாம். மருந்து தோலுக்குள் போவதை யார் பார்த்தார்கள்? ஆகவே அவரும் மனோதத்துவத்தின் வாசலில் போய் நின்றார்.

மனோதத்துவம், பேராசிரியர் ஆராவமுதன். அவர் எழுதியது ஒரே சொல்: தற்கொலை.

(தவளையும் மருதையும் நனைந்தது ஒரே மருந்தில். இரண்டாம் அத்தியாயத்தில் தவளையை மருந்து கொன்றது. ஐந்தாம் அத்தியாயத்தில் மருதையை மருதையே கொன்றார். இரண்டையும் ஒரே ஆளாக அடித்தவன் நான். துறைக்கு ஒருவர் அடித்திருந்தால் எனக்கும் இது தெரிந்திருக்காது.)

4

ஆதாரம் இல்லாமல் எழுதுவாரா பேராசிரியர்? கொடுத்திருந்தார். 'மனைவியின் வாக்குமூலம்: என்னை வேண்டாம் என்று, அவராகவே மரணத்தைத் தேடிப் போனார்.'

இதை ஆங்கிலத்தில் அடித்தபோது என் காதில் வேறொரு ராகம் கேட்டது. மூலத்தைத் தேடினேன். பேராசிரியர் சாவு வீட்டுக்கு அனுப்பிய மாணவன் தமிழில் குறித்த வரிகள் பிற்சேர்க்கையில் இருந்தன.

சொல்லாமக் கொள்ளாம
துணிஞ்சு கெளம்பினியே
என்னை வேணாமின்னு
எமனைத் தேடிப் போனியே

ஐயா, இது ஒப்பாரி.

நம் ஊரில் செத்தவனைத் திட்டாமல் எவள் அழுதிருக்கிறாள்? 'விட்டுட்டுப் போயிட்டியே, மனசு கல்லாப் போச்சா' என்று கேட்காமல் எந்தப் பாடை தெருவைத் தாண்டியிருக்கிறது? மாரில் அடித்துக்கொண்டு அவள் பாடியதை அந்தப் பையன் பென்சிலால் வாக்குமூலமாக எழுதிக்கொண்டான்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இலக்கியத்தை யாராவது அப்படியே நம்பமாட்டார்களா என்று நான் ஏங்கிய காலம் உண்டு. கடைசியில் ஒரு பேராசிரியர் நம்பினார். ஒரு மனிதர் குற்றவாளியாகிவிட்டார். இனி ஏங்குவதில்லை.)

5

மருதையின் மனைவி பெயர் இருளாயி. அவளை எப்படி அறிமுகம் செய்வது என்று இரண்டு தாள் கிழித்தேன். ஒன்றில் கண்ணீர் அதிகம், இன்னொன்றில் நெருப்பு அதிகம். வந்தபடியே எழுதுகிறேன்.

கையில் மஞ்சள் பையோடு எங்கள் நிலைய வாசலில் நின்று, "மருதை கதையை இங்கதான் அடிக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

கல்லூரிச் சேவகன் வழி சொல்லியிருந்தான். கியாசுதீன் பாய் அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தற்கொலை என்ற அந்த வார்த்தை எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றாள். கையெழுத்துப் பிரதியில் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா? எடுத்துடுங்க."

நான் அடிக்கிறவன்தான், எழுதுகிறவன் இல்லை என்றேன். (என் பத்திரிகாசிரியர்களும் இதையே சொல்வார்கள்.)

"எழுதினவரைக் கேட்டா டைப்புக்குப் போயிருச்சுங்கிறாங்க. டைப்புக்காரரைக் கேட்டா எழுதினவரைக் கேளுங்கிறீங்க. செத்தவரையே எழுப்பிக் கேட்டுக்கவா?"

பிறகு மெதுவாகச் சொன்னாள். மனோதத்துவப் பேராசிரியர் தோட்டத்துக்கு நன்றி சொல்லப் போனவர், வெள்ளைச்சாமியிடம் முடிவையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மருந்தில் கோளாறு இல்லை, ஆளிடம்தான் என்று வெள்ளைச்சாமி ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மருதையின் பம்ப் இப்போது இருளாயியின் தம்பி சின்னையாவின் முதுகில்.

"வேணான்டான்னு காலைப் பிடிச்சேன் சார். 'மாமா மருந்தைக் குடிச்சாரு, நான் என்ன குடிக்கவா போறேன்'ங்கிறான். மூக்குக்குத் துண்டு கூடக் கட்ட மாட்டேங்கிறான். காலேஜே சொல்லிருச்சு, மருந்து நல்ல மருந்துன்னு."

பாய் என்னைப் பார்த்தார். டைப்பிஸ்ட்டுக்கு மூளை விரலோடு நிற்க வேண்டும் என்று தினமும் எனக்குப் பாடம் எடுப்பவர் அவர்தான். அன்றைக்கு, "காலேஜுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா தம்பி. அல்லா இருக்கான்," என்றார்.

6

இந்த இடத்தில் ஆராவமுதனை வில்லனாக்க முடிந்தமட்டும் முயன்றேன். மூக்குப்பொடி கொடுத்துப் பார்த்தேன், இளித்த சிரிப்பு கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. உண்மையில் அவர் எழுந்து நின்று இருளாயிக்கு நாற்காலி போட்டார். காபி வரவழைத்தார். கெட்டவனாக இருந்தால் கெஞ்சலாம், திட்டலாம். கனிவானவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மற்ற நால்வரும் இருந்தார்கள். இருளாயி எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவர் தன் பகுதியில் பிழையில்லை என்றார். இன்ஷூரன்ஸ்காரர் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார். கணிதப் பேராசிரியர் ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்ன சொல்கிறார் என்று இருளாயி கேட்டாள். இன்னும் சில பேர் செத்தால் யோசிக்கலாமாம் என்று தமிழ்ப்படுத்தினேன். என் வாழ்நாளின் சிறந்த மொழிபெயர்ப்பு அதுதான். அவர் முறைத்தார். தவறு என்று சொல்லவில்லை.

சகாயநாதனைப் பார்த்தேன். தவளைக்காக ஒரு வார்த்தை பேசினாலே போதும். அவருக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாக்குமூலம் நீங்கதானேம்மா குடுத்தேள்?" என்றார் ஆராவமுதன், மிகவும் கனிவாக.

"நான் ஒப்பாரில்ல வெச்சேன்," என்றாள் இருளாயி. "எங்க ஆத்தா காலராவுல போனப்பவும் இதைத்தான் பாடினேன். எமனைத் தேடிப் போனியேன்னு. அவளும் தானாத்தான் செத்தாளா?"

முடிந்தது, இனி அந்தச் சொல்லை நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஆராவமுதனின் முகம் உண்மையாகவே மலர்ந்தது. எழுந்துபோய் அலமாரியிலிருந்து டேப் ரிக்கார்டரை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

"ரொம்ப முக்கியமான விஷயம் சொன்னேள். ஒரு தடவை பாடுங்கோ. பதிவு பண்ணிக்கறோம்."

சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. இருளாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"யாருக்குப் பாடச் சொல்றீங்க? அவருக்குப் பாடியாச்சு. என் தம்பி இன்னும் சாகல."

மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சக்கரம் சற்று நேரம் சும்மா சுற்றியது.

மறுநாள் எனக்கு அடிக்க ஒரு திருத்தம் வந்தது. ஐந்தாம் அத்தியாயத்தின் கீழே சேர்க்க வேண்டிய ஒரு வரி: 'தகவலாளி ஒத்துழைக்க மறுத்தார்.'

7

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் இருந்தேன்.

(அ) நான் வீரனாகும் முடிவு. பிரதி எடுக்கும் ஸ்டென்சில் தாளில் 'தற்கொலை'க்குப் பதில் 'விபத்து' என்று அடிக்கிறேன். ஆராவமுதன் கண்டுபிடிக்கிறார், பிழை திருத்தும் சிவப்புத் திரவத்தைத் தடவி அழித்துத் தன் கையாலேயே திருத்துகிறார். எனக்கு வேலை போகிறது. வாசகர்கள் அழுகிறார்கள். சின்னையா? அவன் மருந்து அடித்துக்கொண்டிருக்கிறான்.

(ஆ) சகாயநாதன் வேப்பமரத்திலிருந்து கண்ணை எடுத்து –

(எடுக்கவில்லை. இந்த முடிவை அடித்துவிடுகிறேன்.)

(இ) இருளாயி பம்ப்பை அரிவாளால் கொத்திப் போடுகிறாள். வெள்ளைச்சாமி திருச்சிக்கு பஸ் ஏறிப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவருகிறார். புதிய பம்ப் என்றதும் சின்னையாவுக்குச் சந்தோஷம்.

(ஈ) இது நடந்தது. பாய் கல்லூரிக்கு ஆள் அனுப்பி, மெஷின் ரிப்பேர், அறிக்கை தாமதமாகும் என்று சொல்லிவிட்டார். "பொய்தான். போற இடத்துல நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றார். அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் வெட்கத்தோடு சொல்கிறேன், அதனாலும் ஒன்றும் ஆகாது. ஸ்டென்சிலில் நாங்கள் தடுத்து வைத்திருக்கும் சொல் வாய்வழியாக எப்போதோ தொட்டியம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே அதைத் தடவி அழிக்கச் சிவப்புத் திரவம் கிடையாது.

8

வெள்ளைச்சாமி தோட்டத்தில் அடுத்த மருந்தடிப்பு வெள்ளிக்கிழமை. நான் இதை எழுதுவது அதற்கு முன்னால். அச்சில் வந்தால் – வந்தால் – நீங்கள் படிப்பது அதற்கு எத்தனையோ வெள்ளிக்கிழமை கழித்து. ஆகவே முடிவு என்னிடம் இல்லை. ஒரு புள்ளிக்குக் கோடு வராது என்றாரே, அந்த இரண்டாவது புள்ளி கிடைத்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுத நான் பேராசிரியன் இல்லை.

ஆனால் ஒன்று உண்டு. இருளாயி ஊருக்கு பஸ் ஏறுமுன் அவளிடம் கேட்டேன், தம்பிக்கு எழுத்துத் தெரியுமா என்று. ஐந்தாவது வரை படித்திருக்கிறானாம். எழுத்துக்கூட்டி, சத்தமாகத்தான் படிப்பானாம். அந்த அறிக்கையை அவனால் படிக்க முடியாது. இதை முடியும்.

அதனால், வாசகரே, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். கதைக்கு முடிவு வேண்டுமென்றால் திருச்சியிலிருந்து முசிறி வழியாகத் தொட்டியத்துக்கு பஸ் இருக்கிறது. வெள்ளைச்சாமி தோட்டம் எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். சின்னையா அங்கே இருந்தால் இந்தப் பத்திரிகையை அவன் கையில் கொடுங்கள். உன் மாமா குடிக்கவில்லை என்று இதில் போட்டிருக்கிறது, படி என்று சொல்லுங்கள். முதுகில் பம்ப்போடு படிக்க முடியாது. இறக்கி வைத்தாக வேண்டும். அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கிற நேரம் முழுக்கப் பம்ப் வரப்பில் இருக்கும், காற்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டு போகும். கதை நீளம், குறைத்து அனுப்புங்கள் என்று பத்திரிகாசிரியர் வழக்கம்போல எழுதுவார். மன்னிக்க வேண்டும், ஒரு வரியும் குறைக்கமாட்டேன். முற்றுப்புள்ளி வைத்தால் அவன் நிமிர்ந்து பம்ப்பைத் தேடுவான். ஆகையால் தம்பி சின்னையா, படித்துக்கொண்டே இரு, இன்னும் இருக்கிறது, உன் அக்காள் வரும்வரைக்கும் சொல்கிறேன், உன் மாமா அன்றைக்குத் தோட்டத்துக்குப் போனது எதையும் தேடி அல்ல, வாழைக்கு மருந்தடிக்கத்தான் போனார், காற்று எதிரே அடித்தது, பம்ப் ஒழுகியது, அவர்