மூலையில் ஒரு வட்டம்

கடைக்காரர் மூன்று ரெக்கார்டர்களை மேசைமேல் எடுத்து வைத்தார். ஒன்று டிஷ்ஷில் வருவதை முந்நூறு மணி நேரம் பதிவு செய்யுமாம். இன்னொன்று ஒரே சமயத்தில் இரண்டு சேனல்களைப் பிடிக்குமாம். மூன்றாவதற்குள் இடமே கிடையாது, நம்மிடம் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைப் பின்னால் செருகிக்கொள்ள வேண்டியதுதான். காலையிலிருந்து ஆஸ்பத்திரி லிஃப்ட்டின் அடிக்குழியில் குந்தி வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான், முதுகு விட்டுப்போயிருந்தது. அவர் மூச்சு விடாமல் பேசியதில் பாதி காதில் ஏறவில்லை. மூன்றாவதையே எடுத்துக்கொண்டேன். அப்பாவின் பதிவுகளெல்லாம் தனி டிஸ்க்கில்தான் இருந்தன, பழைய ரெக்கார்டர் பெட்டிதான் இழுத்துக்கொண்டு கிடந்தது.

பதிவுகள் என்றால் இருநூற்றுப் பன்னிரண்டு மதியச் செய்திகள். திரையின் கீழ் மூலையில், உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் நின்று, காது கேளாதவர்களுக்குக் கையால் செய்தி சொன்னவள் என் தங்கை. ஐந்து வருடம் முன்பு வீடு நிறைய விருந்தாளிகள் இருந்தபோது, "கையாட்டுறதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்க பாருங்க" என்று அப்பா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அன்றைக்கே அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம்தான் அப்பா பதிவு செய்யத் தொடங்கினார். ஒரு போன் போடுங்கள் என்றால் வீம்பு பிடிப்பார். போன வருடம் அவள் டிவியை விட்டு, வேறு ஊரில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு வேலைக்குப் போய்விட்டாள். வட்டத்தில் இப்போது வேறு யாரோ. அப்பா பழைய செய்திகளையே சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார். எப்போதோ வடிந்துபோன வெள்ளத்தை மாமா இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று என் மனைவி கேலி செய்வாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒயர்களை மாட்டி, டிஸ்க்கைச் செருகினேன். டிஸ்க்கைப் பயன்பாட்டுக்குத் தயார் செய்யலாமா என்று திரை கேட்டது. நாள் முழுக்க இப்படி ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கியே பிழைக்கிறவன், யோசிக்காமல் ஓகே அமுக்கினேன். நீலக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்து முடிந்தது. பதிவுகள் பூஜ்யம் என்று வந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டேன். புதுப் பெட்டி முதலில் டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும், இதை அப்போதே சொன்னேனே என்றார். சொல்லியிருப்பார். அன்று சிரித்ததும் நான்தான், இன்று அழித்ததும் நான்தான் என்று என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தார். மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கினார். விரல்கள் சேர்ந்தன, பிரிந்தன, மழைபோல் இறங்கின, ஒரு கை நெற்றியைத் தொட்டுவிட்டு வெளியே விரிந்தது. அவளேதான். தோளை லேசாகச் சாய்ப்பதுகூட அப்படியே இருந்தது.

"என்னப்பா இது?"

"செய்தி முடியறப்ப தினமும் இதைத்தான் செய்வா. அர்த்தம் தெரியாது."

நான் செல்போனை எடுத்து அவருக்கு நேராகப் பிடித்தேன். மறுபடி செய்யச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். மழை வரைக்கும் வந்தவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"இதுக்கப்புறம் மறந்துடுச்சு" என்றார், செல்போனைப் பார்த்து. "அவகிட்டதான் கேக்கணும்."

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கைகளைக் கீழே இறக்கவில்லை.