பத்துப் புள்ளிகளுக்கு வெளியே

துறைமுகத்தில் அவளை எல்லோரும் நீர்க்காகம் என்றுதான் கூப்பிட்டார்கள். படகுகளின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவாள், அறுந்து விழுந்த நங்கூரத்தைத் தேடி எடுப்பாள், பாலத்தூணில் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். பதினான்கு வருடமாக முங்கு வேலைதான் பிழைப்பு. மேலே படகை ஓட்டுவதும் அவளுடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதும் அவளுடைய அக்கா. தண்ணீருக்குள் இருப்பவளால் பேச முடியாது என்பதால், இரண்டு பேருக்கும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள்.

அந்த வருடம் விரிகுடாவின் கிழக்கு ஓரத்தைக் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்து, உல்லாசப் படகுகளுக்கு ஒரு துறையும் பக்கத்தில் விடுதியும் கட்டத் திட்டம் வந்தது. கட்டுவதற்கு முன்னால் கடலடியில் என்ன இருக்கிறது என்று பார்த்து அறிக்கை தர வேண்டும். அந்த வேலையை எடுத்த ஆய்வு நிறுவனத்தின் மேலாளர், அவளை அழைத்து ஒரு தாளை நீட்டினார். அதில் பத்துப் புள்ளிகள் குறித்திருந்தன.

"ஒவ்வொரு புள்ளியிலயும் இறங்கி அஞ்சு படம் எடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

இறங்கினாள். முதல் ஆறு இடத்திலும் வெறும் மணல். ஏழாவது இடம் பக்கத்தில்தானே என்று, படகில் ஏறாமல் நேராக நீந்தினாள். வழியில் கடலடி சட்டென்று பச்சையாக மாறியது. முழங்கால் உயரக் கடற்புல், கண்ணுக்கெட்டிய தூரம் அலையோடு சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. குனிந்து விலக்கிப் பார்த்தாள். நகத்தளவு நண்டுக்குஞ்சுகள், உடம்புக்குள் இருப்பதெல்லாம் தெரியும் இறால் குஞ்சுகள். ஒரு கடற்குதிரை வாலால் புல்லைச் சுற்றிப் பிடித்தபடி அவளையே முறைத்தது. புல்வெளியைத் தாண்டி ஏழாவது புள்ளிக்கு வந்தால், மறுபடியும் மணல்.

கரையேறியதும் மேலாளரிடம் சொன்னாள்.

"நடுவுல பெரிய புல்வெளி இருக்குங்க. அதையும் எடுக்கட்டுமா?"

"தாள்ல இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப விடுங்க. முங்குறது உங்க வேலை, எழுதுறது எங்க வேலை."

ஒரு மாதம் கழித்து அறிக்கை வெளியானது. 'கடலடி முழுவதும் வெற்று மணல். குறிப்பிடத்தக்க உயிரினம் எதுவும் இல்லை.' கீழே அவள் எடுத்த ஐம்பது படங்களும், ஒவ்வொன்றின் அடியிலும் அவளுடைய பெயரும். அதைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுண்டிப் போனது. பழைய கடல் வரைபடத்தை எடுத்துப் பத்துப் புள்ளிகளையும் வைத்துப் பார்த்தாள். எல்லாமே கப்பல் போக எப்போதோ தோண்டிய கால்வாயின் வளைவுக்குள் இருந்தன. தோண்டிய இடத்தில் எது முளைக்கும்?

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்காங்க அக்கா. அதுவும் என் கையாலயே."

"ஊர் வம்பு நமக்கெதுக்குடி? நாளைக்கு எவன் வேலை குடுப்பான்?" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் படகு இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், "இதப் பத்தி ஊர்க்காரங்ககிட்ட கருத்துக் கேக்குற கூட்டத்துக்கு எத்தனை நாள் இருக்கு?"

"இருபது."

"எண்ணெய் நான் ஊத்துறேன். நீ இறங்கு."

கடல் உயிரியல் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியை ஒருவரைப் போய்ப் பார்த்தார்கள். யாரும் குறை சொல்ல முடியாதபடி அளப்பது எப்படி என்று அவர் காட்டிக்கொடுத்தார். கரையிலிருந்து நேர்க்கோடாக அளவு நாடாவை விரிக்க வேண்டும். பத்து மீட்டருக்கு ஒருமுறை, பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே இருப்பதைப் படம் எடுத்து எண்ண வேண்டும். மேலே அக்கா ஜிபிஎஸ் பார்த்து இடத்தையும் நேரத்தையும் எழுதுவாள். ஆறாம் நாள் காது வலி உயிரை எடுத்தது. அக்கா கண்டிப்பாகக் கரையிலேயே உட்கார வைத்தாள். நான்கு நாள் கழித்து மருத்துவர் சரி என்று தலையசைத்ததும் அவள் திரும்ப இறங்கினாள். கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு சட்டங்கள் தேறின. நூற்று அறுபதில் புல் இருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் நகராட்சி மண்டபத்தில் நடந்தது. மேலாளர் திரையில் மணல் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி முடித்ததும் அவள் எழுந்தாள்.

"அந்தப் படமெல்லாம் எடுத்தது நான்தாங்க."

கூட்டத்தை நடத்திய அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கடலியல் படிச்சவங்களா?"

"இல்லைங்க. எங்க இறங்கணும்னு இவங்க குடுத்த தாளு என்கிட்ட இருக்கு. எங்க இறங்கலைங்கறதும் இருக்கு."

வரைபடத்தை மேசைமேல் விரித்தாள். சிவப்புப் புள்ளிகள் பத்தும் கால்வாய்க்குள் வரிசை கட்டி நின்றன. சுற்றிலும், அவள் அளந்து குறித்த புல் பச்சையாக. அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"புல்லுதானே சார்? பிடுங்கி வேற இடத்துல நட்டுக்கலாம்" என்றார் மேலாளர்.

"தோட்டத்துப் புல்லுன்னு நினைச்சீங்களா?" அவள் வரைபடத்தின் பச்சையில் விரலை வைத்தாள். "மண்ணக் கொட்டினா தண்ணி கலங்கும். வெளிச்சம் போகாது. வேரோட செத்துடும். இங்க வலைபோடுறவங்க பிடிக்கிற மீனெல்லாம் குஞ்சா இருக்கறப்ப ஒளியற இடம் அது. அடி மணலை இறுக்கிப் பிடிச்சிருக்கறதும் அதுதான். அது போச்சுன்னா அலை கரையைத் தின்னும். உங்க விடுதிக்கு அடியிலயும் தின்னும்."

"தங்கறவங்களுக்கு அறையிலேயே நீச்சல்குளம்!" என்றாள் பின்வரிசையிலிருந்து அக்கா. மண்டபமே சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை.

அதிகாரி சொல்லி, வேறொரு குழு வந்து மறுபடி அளந்தது. திட்டம் நிற்கவில்லை, ஆனால் மாறியது. கடலைத் தூர்க்கக் கூடாது, துறையைக் கால்வாய்ப் பக்கம் தள்ளித் தூண்கள்மேல் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்படியும் புல்வெளியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஊரார் அவள் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள். அவளோ அந்த ஒரு பங்கையே நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் துறைமுகத்தில் ஒருவரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. அக்கா சொல்லிக்காட்டவும் இல்லை.

உத்தரவில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. தூண் இறக்கும் இடத்தைச் சுற்றி, கலங்கல் வெளியே போகாமல் ஒரு துணித்திரை தொங்கவிட வேண்டும். கட்டுமான நிறுவனத்தைச் சேராத ஒருவர் வாரா வாரம் முங்கிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். மீனவர் சங்கம் அவளைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது.

முதல் வாரமே திரையில் கதவளவுக்கு ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியே சேறு புகைபோல வெளியேறிக்கொண்டிருந்தது. மேலே வந்ததும் கட்டுமான மேற்பார்வையாளரிடம் சொன்னாள்.

"இன்னிக்கு ஒரு நாள்தானேம்மா, நாளைக்குத் தைச்சுக்கலாம்" என்றார் அவர்.

"அப்ப தூணையும் நாளைக்கே இறக்குங்க."

"ஆளுங்க சும்மா நிக்கிறாங்கம்மா."

"நிக்கட்டும். நிறுத்தலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். படகில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். இயந்திரம் அடங்கியது.

தடித்த நூலையும் ஊசியையும் வாங்கிக்கொண்டு, நிறுவனத்து ஆள் ஒருவரோடு அவளும் இறங்கினாள். கண் தெரியாத சேற்றில் விரலால் தடவித் தடவித் தைத்தார்கள். மாலை நாலு மணிக்குத்தான் இயந்திரம் மறுபடி ஓடியது.