தேனீக்குச் சட்டம் எழுதியவர்கள்

சபாபதியின் வலக்கண்ணை ஓர் இரும்புத் துணுக்கு பறித்துக்கொண்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதுவரை, கடல் கடந்து பிழைக்க வந்த இன்சீனில், ரயில் பட்டறைக்கே அவன்தான் ராஜா. அவன் கைகாட்டாமல் ஓர் எந்திரம் சுற்றாது. ஒற்றைக் கண்ணன் எந்திரத்தருகே நிற்கக்கூடாது என்று விதி. வாசலில் காவலுக்கு உட்கார்த்திவிட்டார்கள். கூடவே கும்மாளம் போட்ட பயல்கள் இப்போது முகம் பாராமல் உள்ளே போனார்கள். பாவிகள், ஒரு வார்த்தை கேட்டால் வாய் வெந்தா போய்விடும்?

கேட்டவர் ஃபோர்மேன் டூலன் துரை ஒருவர்தான். அயர்லாந்துக்காரர், பெரம்பூரில் பத்து வருஷம் இருந்து தமிழ் பழகியவர். பெண்டு பிள்ளை இல்லை. மத்தியானம் இரண்டு கோப்பைத் தேநீரோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

“எங்க ஊர்ல காங்கல்னு ஒரு ராஜா இருந்தான் சபாபதி. ஆயிரத்து முந்நூறு வருஷம் இருக்கும். ராஜாக்களுக்கெல்லாம் மேல ராஜா. தேனீ கொட்டிக் கண்ணு போச்சு.”

“அப்புறம்?”

“ஊனம் இருந்தா அந்தப் பெரிய சிம்மாசனத்துல உட்காரக்கூடாது. இறக்கிட்டாங்க.”

“அடப்பாவமே! அங்கேயும் இதே கதைதானா?”

“சொந்த நாட்டுக்கு மட்டும் ராஜாவா இருந்தான். கோபம் ஆறலை. தன்னை வளர்த்தவன் மேலயே படையெடுத்துப் போய்ச் செத்தான். தேனீ வளர்த்தவன் மேல வழக்கு வேற! தேனீ கொட்டினா யார் பொறுப்புன்னு சட்டமே எழுதி வெச்சுட்டாங்கப்பா.”

சபாபதி வாய்விட்டுச் சிரித்தான். ஐந்து மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. பிறகு மெதுவாகக் கேட்டான்: “அவன் பொண்டாட்டி என்ன செஞ்சா துரை?”

துரை உதட்டைப் பிதுக்கினார். “அதை யாரும் எழுதலை.”

அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றுதான். நாகப்பட்டினத்தில் இருந்த மனைவி ஆண்டாளுக்குக் கண் போனதை மறைக்காமல் எழுதியிருந்தான். இஷ்டமிருந்தால் தை மாதக் கப்பலில் வா, வராவிட்டாலும் குறை சொல்லமாட்டேன் என்று பெரிய மனுஷன்போல எழுதிவிட்டான். வராவிட்டால் தான் நடைப்பிணம்தான் என்பது அவனுக்குத் தெரியாதா? தாமுவேயில் அறை பிடித்தான். லான்மடாவ் கடைத்தெருவில் அவளுக்கென்று கண்ணாடி வாங்கி, தன் முகம் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினான்.

கப்பல் வந்தது. கூட்டமெல்லாம் இறங்கிக் கரைந்தது. கடைசியில் ஊர்க்காரி தைலம்மாள் மட்டும் எதிரே வந்து, ஓர் ஊறுகாய் ஜாடியை நீட்டினாள்.

“துறைமுகம் வரைக்கும் என்கூடத்தான் வந்தா தம்பி. சீட்டும் கையில இருந்துச்சு. கப்பலைப் பார்த்ததும், ‘அந்த முகத்தைப் பார்க்க என்னால முடியாதுக்கா’ன்னு அழுதுட்டுத் திரும்பிட்டா. உனக்கு நாரத்தங்காய் பிடிக்குமாமே.”

சபாபதி ஜாடியை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் துரை வந்து உட்கார்ந்தார். தேநீர் ஆறிப்போயிற்று.

“அந்த ராஜா பொண்டாட்டியைப் பத்தி யாரும் எழுதலைன்னீங்களே துரை?”

“ஆமாம்பா.”

“எழுதிக்குங்க. துறைமுகம் வரைக்கும் வந்தா.”