ஆடு போன பக்கம்

பொத்தானை அழுத்தியதும் அந்தக் கேமராவில் படம் விழுந்துவிடாது. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் விழும். அண்ணன் பழையது என்று தள்ளிவிட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னக் கேமராவோடு ஜாஸ்மின் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஓடிவரும் ஆட்டை எடுத்தால் வால்தான் கிடைத்தது. துள்ளும் ஆட்டை எடுத்தால் வெறும் புழுதி.

கால்நடை ஆய்வாளராகத் திண்டுக்கல்லிலிருந்து இந்த மலைக்கு மாற்றலாகி வந்தவள். ஆட்டைக் கூப்பிடுவதற்கு ஒரு போட்டி என்று செம்மேட்டுச் சந்தையில் கேள்விப்பட்டபோது விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். நிஜமாகவே நடந்தது. மைதானத்தின் ஒரு கோடியில் பட்டி. மறு கோடியில் ஆட்டுக்காரர் நின்று கூப்பிட வேண்டும். கையில் தழை, தீனி எதுவும் கூடாது. அவருடைய ஆட்டை மட்டும் திறந்துவிடுவார்கள். யாருடைய ஆடு வேகமாக வந்து ஆளைத் தொடுகிறதோ அவருக்குப் பரிசு. ஒருவர் நாக்கைச் சொடுக்கினார். ஒரு பெண் சண்டைக்கு இழுப்பதுபோலத் திட்டினாள், அவளுடைய ஆடு வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. மீசைக்காரர் ஒருவர் குழந்தையைக் கொஞ்சுவதுபோல வாயைக் குவித்தார். ஜாஸ்மினுக்கு ஆடுகளைவிட அந்த முகங்கள் பிடித்துப்போயின. வீட்டுக்குள் மட்டுமே காட்டுகிற முகங்கள்.

"அடுத்தது நம்ம ராசப்பனுங்கோ!" என்று போட்டியை நடத்தும் பூபதி மைக்கில் கத்தினார்.

ராசப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். "டாக்டரம்மா, எம்பட வெள்ளச்சி ஓடியாறப்ப நல்லதா ஒண்ணு புடிங்க. ஊட்டுல மாட்டோணும்."

அவர் வீட்டுக்குத் தடுப்பூசி போடப் போனபோதே ஜாஸ்மினுக்கு விஷயம் தெரியும். அடுத்த வீட்டில் இருப்பது அவருடைய தம்பி குடும்பம். மிளகுக் கொடி ஏறிய ஒரு மரம் யாருக்கு என்று தகராறாகி, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிவிட்டது.

"வெள்ளச்சீ... இந்தா, வாடி சாமி!"

வெள்ளாடு பட்டியைவிட்டுப் பாய்ந்து வந்தது. ஜாஸ்மின் பொத்தானில் விரலை வைத்தாள். பாதி தூரத்தில் அது நின்றது. காதைத் திருப்பியது. பிறகு ராசப்பனைத் தாண்டி, கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டத்துக்குள் நேராகப் புகுந்து, தம்பி மனைவி அம்சவேணியின் மேல் போய் முட்டியது.

கூட்டம் சிரித்தது. யாருடைய ஆடு யாரிடம் போயிருக்கிறது என்று உறைத்ததும் சிரிப்பு அப்படியே அடங்கியது. கேமரா அப்போதுதான் 'க்ளிக்' என்றது.

ராசப்பன் ஆட்டிடம் போகவில்லை. ஜாஸ்மினிடம் வந்தார். "விழுந்துதுங்களா?"

காட்டினாள்.

"பெருசு பண்ணுங்க."

ஆட்டின் முகத்தைப் பெரிதாக்கினாள்.

"ஆட்டையில்லீங்க. அவ கையி. என்ன வெச்சிருக்கறான்னு பாக்கோணும்."

அம்சவேணியின் இரண்டு கைகளும் திரை முழுக்க வந்தன. பயந்து விரித்த கைகள். ஒன்றுமில்லை, ஆட்டின் நாக்கு மட்டும். ராசப்பன் வெயிலுக்குக் கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவர் என்ன முடிவு செய்கிறார் என்று ஜாஸ்மினால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு கயிற்றுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். அம்சவேணி ஆட்டைத் தன்னிடமிருந்து தள்ளிவிடப் பார்த்தாள். அது நகரவில்லை.

"என்ன போடுவ இதுக்கு?" ஆட்டைப் பார்த்தபடி கேட்டார்.

அம்சவேணி ஆட்டைத் தள்ளிய கையை எடுத்துக்கொண்டாள். "நீங்க சேந்தமங்கலம் போற நாள்ல அது பாட்டுக்குக் கத்திட்டே கெடக்குங்க, மாமா. சாமை கழுவுன தண்ணி வெப்பனுங்க. வேறொண்ணுமில்லீங்க."

ராசப்பன் ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தார், ஆனால் இழுக்கவில்லை. இருவருக்கும் நடுவில் நின்ற வெள்ளச்சி, அவருடைய வேட்டி நுனியை வாயில் கவ்வி நிதானமாக மென்றுகொண்டிருந்தது.