மூன்றாவது குண்டு

ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த தவசிமுத்துவுக்கு, தன் கையால் ஆகாத வேலை உலகத்தில் இல்லை என்று ஒரு நினைப்பு. அரிசிக் கன்ட்ரோலைச் சர்க்கார் நீக்கிய வருஷம் அது. வியாபாரம் சூடுபிடித்திருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன கப்பல் அதிகாரி ஒருவரின் சாமான்களை ஏலம் விட்டார்கள். அந்தச் சூட்டோடு போய் ஒரு கிராமபோனை எடுத்து வந்துவிட்டார். வீட்டில் வைத்துச் சாவி கொடுத்தால் தட்டு சுற்றத்தான் செய்தது. ஆனால் பாடுகிறவர் பாதித் தூக்கத்தில் பாடினார்.

யானைக்கவுனியில் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொடுக்கலாம் என்று அவர் மனைவி சுகிர்தம் சொன்னாள்.

"எதுக்கு? எனக்குக் கை இல்லியா?" என்றார் தவசிமுத்து.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்து வந்ததும், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில், வாசல்படிக்குப் பக்கத்திலேயே பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டார். கழற்றுவதில் மனிதருக்கு ஈடு கிடையாது. உள்ளே கெட்டிப்பட்டுக் கிடந்த பழைய மசகை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார். தட்டு ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்காக ஒரு கம்பியைச் சுற்றி மூன்று ஈயக் குண்டுகள் இருந்தன, இலந்தைப்பழம் அளவுக்கு. அவற்றைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அவற்றையும் கழற்றினார்.

அப்போதுதான் காசிமேட்டிலிருந்து செல்லம்மா மீன் கொண்டு வந்தாள். ஞாயிறு தவறாமல் வருகிறவள். கூடையை இறக்கிவிட்டுப் படியில் குந்திப் பேப்பரை வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா அண்ணாச்சி, பாட்டுப் பொட்டியோட கொடல உருவிப் போட்டுகீறே?" என்று சிரித்தாள். ஒரு குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். "அட, நம்ப வலைக்குக் கட்ற குண்டு மாரியே கீது!"

"வைம்மா, வை. ஒண்ணு தொலைஞ்சாலும் பெட்டி ஓடாது" என்றார் தவசிமுத்து. அவள் வைத்துவிட்டு, மீனை விற்றுவிட்டுப் போனாள்.

மறுநாள் கடையைச் சுகிர்தத்திடம் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட உட்கார்ந்தார். குண்டு இரண்டுதான் இருந்தது. பேப்பரை உதறினார். பாயை உதறினார். இரண்டு குண்டோடு பூட்டிப் பார்த்தார். பெட்டி கடகடவென்று ஆடியது. பாட்டு ஓரிடத்தில் ஓடியது, ஓரிடத்தில் நொண்டியது. அவருக்குக் கோபம் வந்துவிட்டால் கண் மண் தெரியாது. பெண்டாட்டியையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெருக் குழாயடியில் செல்லம்மாவின் குரல் கேட்டது, அவ்வளவுதான், எழுந்து ஓடினார்.

"குண்டு எங்க? அதுக்குள்ள வலையில கட்டியாச்சா?"

"இன்னா அண்ணாச்சி சொல்றே? வெச்ச எடத்துலயே வெச்சிட்டேனே!"

"வலைக்கு ஆகும்னு நீதானே சொன்ன?"

சொல்லிக்கொண்டே அவள் இடுப்பில் இருந்த கூடையைப் பிடித்து இழுத்தார். கூடை கவிழ்ந்தது. சங்கரா மீன் அத்தனையும் குழாயடிச் சேற்றில் கிடந்தது. குண்டு இல்லை. தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லம்மா மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கடை வாசலுக்கு வந்து நின்ற சுகிர்தம் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் செல்லம்மாவை யாரும் படியேற விடவில்லை. முதல் நாள் எட்ட நிறுத்தி மீன் வாங்கினார்கள். மறுநாள் இன்றைக்கு வேண்டாம் என்றார்கள். பிறகு அதையும் சொல்லாமல் கதவைச் சாத்தினார்கள். அவளுக்கு அந்தத் தெருதான் பிழைப்பு. ஆனாலும் உப்பு, புளி, மிளகாய்க்கு அவள் தவசிமுத்துவின் கடைக்கே வந்தாள். அவர் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, சுகிர்தத்திடம் வாங்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தராசைத் துலக்குவது தவசிமுத்துவின் வழக்கம். சாமான் போடுகிற தட்டு கொஞ்சம் லேசு. சங்கிலி ஒரு தரம் அறுந்து மாற்றியதிலிருந்து அப்படித்தான். அதைச் சரிக்கட்ட அடியில் ஒரு துளி புளி ஒட்டியிருக்கும். எந்தக் கடையிலும் இருப்பதுதான், அதில் கள்ளம் கிடையாது. அன்றைக்குத் தட்டைத் திருப்பினார். அடியில் மெழுகு வைத்து ஒட்டியபடி இருந்தது மூன்றாவது குண்டு.

"ஏளா, இது என்ன?"

சுகிர்தத்தின் முகம் செத்துப்போயிற்று.

"புளி காஞ்சு உதுந்துட்டு. திங்கக்கெழம காலையில பெருக்கும்போது படிகிட்ட இது கெடந்துச்சு. செல்லம்மா கூடையிலேர்ந்து உழுந்த வலைக்குண்டுன்னு நெனச்சு ஒட்டி வச்சேன்."

"நான் குழாயடியில அவள ஏசும்போது ஒனக்குத் தெரியாதா?"

"கூடையக் கவுத்துன பெறவு என்னத்தச் சொல்ல? குண்டு நம்ம தராசுக்கு அடியில இருக்குன்னு தெருவுல நின்னு சொல்லச் சொல்லுதீயளா? கடைக்கு ஒருத்தன் வருவானா?" அவள் குரல் இறங்கியது. "புளியவிடக் கொஞ்சம் கனந்தான். நானும் பாத்தேன்."

அதாவது அந்த வாரம் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் எடை குறைந்திருக்கிறது. செல்லம்மாவுக்கும்தான். தவசிமுத்துவுக்குக் காது மடல் எரிந்தது. திருடி என்று தெருவில் நிறுத்தினோமே, அவள் வாங்கிய புளியில் அல்லவா கை வைத்திருக்கிறோம் என்று நினைத்தார். அப்போதே எழுந்து காசிமேட்டுக்குப் போயிருக்க வேண்டும். மனிதர் போகவில்லை. உள்ளே போய்க் குண்டைப் பெட்டியில் பூட்டினார்.

பெட்டி அருமையாகப் பாடியது. ஒரு பிசிறு இல்லை. பக்கத்துச் சைக்கிள் கடை கமால் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"இன்னா அண்ணாச்சி, குண்டு வந்துட்ச்சா? அவளே குட்த்துட்டாளா?"

தவசிமுத்துவின் தலை ஆமாம் என்று ஆடிவிட்டது. தானாகத்தான் ஆடியது என்று அப்புறம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கமாலிடம் ஒன்று சொன்னால் போதும், தெருவுக்கு வேறு தண்டோரா வேண்டாம். தவசிமுத்து பாட்டை நிறுத்தினார். ஞாயிறு கோயிலில் முழங்காலில் நின்றபோது கண்ணை மூடப் பயமாக இருந்தது. தலை ஆடியதே கண்ணுக்குள் வந்தது.

திங்கட்கிழமை கடையில் நல்ல கூட்டம். செல்லம்மா இந்த முறை அவர் இருக்கும்போதே வந்தாள். கூட்டம் தானாக விலகியது.

"குண்ட நான் திருப்பிக் குட்த்தேன்னு சொன்னியாமே?"

சுகிர்தம் உள்ளேயிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றார் தவசிமுத்து. எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னார். "இல்லம்மா. நீ எடுக்கவே இல்ல. எங்க வீட்டுலதான் இருந்துச்சு."

"எங்க இருந்திச்சு?"

மாடத்தில், பெட்டிக்குள், பாய்க்கு அடியில். சொல்வதற்கு எத்தனையோ இடம் இருந்தது. ஒவ்வொன்றும் நாக்கு வரைக்கும் வந்தது. அவர் தராசைக் கழற்றி, தட்டைத் திருப்பிப் பலகைமேல் வைத்தார். மெழுகில் குண்டு இருந்த பள்ளம் அப்படியே தெரிந்தது.

"இங்க. எனக்கு முந்தாநாள் வரைக்கும் தெரியாது. தெரிஞ்ச பெறகும் சொல்லல."

கமால்தான் முதலில் கையிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தான். பிறகு எல்லோரும் அவரவர் பொட்டலத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி வாங்கிய பருப்பைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். தவசிமுத்து யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. துணியை அவிழ்த்துப் போட்டு நடுத்தெருவில் நிறுத்திய மாதிரி இருந்தது அவருக்கு.

செல்லம்மா தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மெழுகை நகத்தால் சுரண்டி எடுத்து எறிந்தாள்.

"மாட்டு" என்றாள். "புளி ஒட்டு. வெறுந்தட்டு ரெண்டும் சமமா நிக்கிதான்னு இவங்கல்லாம் பாக்கட்டும்."

ஒட்டினார். கிள்ளினார். மறுபடி ஒட்டினார். தட்டுகள் ஆடி ஆடி, ஒரு வழியாகச் சமமாக நின்றன.

"இப்ப அஞ்சு பலம் புளி போடு" என்று துட்டைப் பலகைமேல் வைத்தாள்.

புளியை அள்ளி வைத்தார். தட்டு சமமாக வந்தது. அவர் கை நிற்கவில்லை. இன்னொரு பிடி எடுத்து மேலே வைத்தார். தட்டு தடக்கென்று கீழே இறங்கியது.

செல்லம்மா அதைப் பார்த்தாள்.

"ஜாஸ்தி வாணாம் அண்ணாச்சி" என்றாள். "எட்துடு. நான் துட்டு குட்த்தது அஞ்சு பலத்துக்குத்தான்."

அத்தனை பேர் பார்த்திருக்க, தவசிமுத்து கூடுதலாக வைத்த புளியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து எடுத்தார்.