திருப்பி எறிய வேண்டிய பந்து

சாஃப்ட்பாலில், மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் செய்கிற வேலைகளிலேயே சுலபமானது, பிடித்த பந்தை அதை வீசிய பிட்ச்சரிடம் திருப்பி எறிவது. சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும். கர்ட் வாவ்ராவின் பதிமூன்று வயது மகள் டெஸ்ஸாவால் அதைத்தான் செய்ய முடியவில்லை. செகண்ட் பேஸுக்கு ஓடுகிறவளை உட்கார்ந்த இடத்திலிருந்தே எறிந்து அவுட்டாக்குவாள். ஆனால் பிட்ச்சர் எதிரே கையுறையை நீட்டிக்கொண்டு நின்றால் போதும், கை விறைத்துவிடும். இலையுதிர்கால ஆட்டங்களில் ஒவ்வொரு பந்தையும் நடந்து போய்ப் பிட்ச்சர் கையில் வைத்துவிட்டு வந்தாள், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல. எதிரணிப் பெண்கள் "பீட்சா வந்தாச்சுடீ" என்று கோரஸ் பாடினார்கள். மார்ச் மாத அணித் தேர்வுக்குள் சரியாகாவிட்டால் கேட்சர் இடம் வேறொருத்திக்கு என்று அணியின் பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

ஏன் இப்படி ஆனது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்ட் மாதம், டிராக்டர் கொட்டகைக்குப் பின்னால் அப்பாவும் மகளும் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கர்ட் எறிவான், அவள் பிடித்துத் திருப்பி எறிவாள். "எனக்காகக் காத்திருக்காத, பிட்ச்சர்னா முழிச்சிட்டுத்தான் நிக்கணும்" என்று பழக்கியவன் அவனேதான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மக்காச்சோள லோடு பற்றி யாரோ. அவன் குனிந்தான், பந்து அதற்குள் அவள் கையை விட்டுப் போயிருந்தது. "அப்பா" என்று கத்தினாள். கத்தாமல் இருந்திருந்தால் தொப்பியில் பட்டுப் போயிருக்கும். சத்தம் கேட்டு நிமிர்ந்தவனின் இடது கண்ணில் பட்டது.

வெளியே பார்க்க அந்தக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளேதான் நரம்பு செத்துவிட்டது. ஒமஹாவில் டாக்டர் இனி பார்வை வராது என்று நவம்பரில் தீர்மானமாகச் சொன்னார். கர்ட் வீட்டுக்கு வந்து, நன்றி நாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே, "கண்ணு தெளிஞ்சிட்டே வருதாம், கிட்டத்தட்ட முழுசாத் தெரியுது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். லாரி ஓட்டுவதை விட்டுத் தானியக் கிடங்கு எடைமேடையில் உட்கார்ந்திருப்பது குளிர்காலத்துக்கு மட்டும்தானாம், லாரி லைசென்ஸ் வசந்தத்தில் வந்துவிடுமாம். அன்றைக்கு டெஸ்ஸா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடுக்களையில் அவன் மனைவி கார்லா பாத்திரத்தைப் போட்ட சத்தத்திலேயே அவளுடைய அபிப்பிராயம் தெரிந்தது. "அவ மக்கு இல்ல, கர்ட்" என்று மட்டும் சொன்னாள். மகளுக்காகச் சொல்லும் பொய்யில் ஒரு போதை இருக்கிறது. சொல்பவனுக்கு அது தியாகம் மாதிரியே தெரியும்.

ஜனவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில் அவளைக் கேட்சர்களுக்கான பயிற்சி முகாமுக்கு அழைத்துப் போனான். வழியெல்லாம் அறுத்த வயல்களில் அழுக்குப் பனி. டெஸ்ஸா மடியில் தன் கம்பி முகக்கவசத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். "பிட்ச்சருங்க வருவாங்களா அங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

பள்ளிக்கூட உள்ளரங்கில் முழங்கால் காப்பு கட்டிய பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கல்லூரி அணியில் கேட்சராக இருந்த ரெனே என்பவள்தான் முகாமை நடத்தினாள். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். நுழைவாயில் மேஜையில் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டி ரோலும் விற்றுக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக அப்பாக்கள் ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பந்து போட்டு எடுத்துவரும் வாளிதான் இவர்களுக்கு ஆசனமும். வருடம் முழுக்க அதன்மேல் உட்கார்ந்து மகளின் பந்தைப் பிடித்துப் பிடித்து முதுகு போனவர்கள். ஆனால் தங்களைவிட்டால் ஆட்டம் தெரிந்தவர் இந்த நெப்ராஸ்காவிலேயே கிடையாது என்கிற நினைப்பு மட்டும் போகாது.

கர்ட்டும் தன் வாளியைப் போட்டான். சுவரின் இடது மூலையைத் தேடிப் பிடித்தான். அங்கே உட்கார்ந்தால் எல்லோரும் வலது பக்கம்தான் இருப்பார்கள். யாரும் செத்த கண் பக்கமாக வந்து தோளைத் தட்டி அவனைத் திடுக்கிட வைக்க முடியாது.

"முதல் பாடம், கண்ண மூடாதீங்க" என்றாள் ரெனே. "பந்து மூஞ்சிக்கு நேரா வந்தா கண்ணு தானா மூடும். அதான் இயற்கை. அந்த இயற்கைய இன்னைக்கு வாசல்லயே கழட்டி வச்சிடுங்க, என்ன?" முகக்கவசம் மாட்டிய பெண்களின்மேல் டென்னிஸ் பந்துகளை வீசினாள். பெண்கள் சிமிட்டினார்கள், சிரித்தார்கள், திட்டு வாங்கினார்கள். டெஸ்ஸா ஓரளவு தாக்குப் பிடித்தாள். அடுத்து செகண்ட் பேஸ் எறிதல் வந்தபோது, எல்லோரையும் நிறுத்தி அவளையே இன்னொரு தடவை எறிந்து காட்டச் சொன்னாள் ரெனே. "பாத்தீங்களாடீ, காலப் பாருங்க, கைய இல்ல." கர்ட்டுக்கு நெஞ்சு விம்மியது.

"உம் பொண்ணாய்யா?" என்றான் பக்கத்து வாளிக்காரன். டக் என்று பெயர், பன்றிப் பண்ணை வைத்திருப்பவன், பெரிய வாய்.

"ஆமா."

"அம்மா ஜாடைன்னு சொல்லு. ஒன்னப் பாத்தா பஸ்ஸுக்கே ஓட மாட்ட."

கடைசியில் ரெனே சொன்னது கர்ட் பயந்துகொண்டிருந்ததைத்தான். அவன் எதிர்பார்த்து வந்ததும் அதைத்தான். "பிட்ச்சருங்க பத்தல, எப்பவும்போல. அப்பாமாருங்க எழுந்திரிங்க. நீங்க போடுங்க, உங்க பொண்ணு பிடிச்சுத் திருப்பி எறியட்டும். ஒரு ஆட்டத்துல அதிகமா எறியறது அந்தப் பந்தத்தான், யாரும் பழகறதே கிடையாது."

டிசம்பர் முழுக்க அவன் இதற்காகத் தயாராகியிருந்தான். ஒற்றைக் கண்ணுக்குப் பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பிடிபடாது. கொட்டகைச் சுவரில் எறிந்து எறிந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். கையுறையை நெஞ்சுக்கு நேரே வைத்து அசையாமல் நிற்பது. எறிகிறவள் குறி தப்பாமல் எறிந்தால் பந்து தானே வந்து சேரும். அவன் மகளோ குறி தப்பாதவள்.

முதல் பந்தைப் போட்டான். அவள் பிடித்தாள், எழுந்தாள், நடந்து வரத் தொடங்கினாள்.

"அங்கயே நில்லு பாப்பா" என்றான். "எறி."

"உங்களுக்கு நெசமாத் தெரியுதாப்பா?"

"நெசமாத்தான். ஒன் மூக்குல வேர்த்திருக்கறது தெரியுது, போதுமா?"

அவள் முகக்கவசம் மாட்டியிருந்தாள். கம்பிகளுக்குள் மூக்கின் வேர்வை அவ்வளவு தூரத்தில் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவளுக்கு அது போதுமாக இருந்தது. கையை அடியிலிருந்து வீசி, முட்டையை எறிவதுபோல மெதுவாக ஒரு பந்தை மேலே போட்டாள். அது வந்து அவன் நெஞ்சுக் கையுறையில் விழுந்தது. டெஸ்ஸா அப்படியே நின்று பார்த்தாள். அடுத்தது கொஞ்சம் வேகமாக வந்தது, அதையும் பிடித்தான். அதற்கடுத்தது தோளுக்கு மேலிருந்து, சரியான எறி. கையுறையில் சத்தம் கேட்டது.

ஐந்து மாதமாகக் கேட்காத சத்தம். கர்ட்டுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போட்டான், எறிந்தாள். போட்டான், எறிந்தாள். முகக்கவசத்துக்குள் அவள் சிரிப்பது தெரிந்தது, இது பொய்யில்லை, நிஜமாகவே பல் தெரிந்தது. பழைய தாளம் வந்துவிட்டது. பிடித்த கையோடு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அவன் பழக்கிய அதே வேகத்தில் எறியத் தொடங்கிவிட்டாள். செய்தது எல்லாம் சரிதான் என்று அவனுக்குத் தோன்றியது. கார்லாவிடம் இப்படியே போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வலது பக்கத்தில் நின்று தன் மகளுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்த டக், "யோவ், மெதுவாப் போடு, கெழவன்னு நெனப்பு இருக்கட்டும்" என்றான்.

கர்ட் ஒரு பந்தைப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே டக் பக்கம் முகத்தைத் திருப்பினான். "யாருய்யா கெழவன்? பன்னி மேய்க்கறவன்லாம் பேச வந்துட்டான்."

சொல்லி முடித்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் சுவர் மெத்தையில் ஏதோ தொப்பென்று மோதிய சத்தம் கேட்டது. பந்து என்று புரியவே கொஞ்ச நேரமானது. அது தன் இடது கன்னத்தை உரசாத குறையாகப் போயிருக்கிறது என்பது டக்கின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

"அடேங்கப்பா" என்றது ரெனேயின் குரல். "எல்லாரும் இங்க பாருங்கடீ. அந்த அப்பாவப் பாத்தீங்களா? பந்து காதோரமாப் போகுது, மனுசன் கண்ணு சிமிட்டல. சிரிச்ச சிரிப்பு மாறல. இதத்தான் காலையிலேருந்து கத்திட்டிருக்கேன். கை தட்டுங்க."

அரங்கமே கை தட்டியது. டக் விசில் அடித்தான்.

டெஸ்ஸா தட்டவில்லை. முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். இந்தத் தடவை அவள் கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வாயை ஒரு கையால் பொத்தியிருந்தாள், அந்தக் கை இன்னும் அப்படியே இருந்தது.

"பாத்தேன் பாப்பா" என்றான் கர்ட். "வேணும்னேதான் விட்டேன். எறி, எறி, அடுத்தது."

அவன் போட்டதை அவள் பிடித்தாள். நடந்து வந்து அவன் கையுறைக்குள் வைத்துவிட்டுப் போனாள். அதற்கடுத்ததையும் அப்படியே வைத்தாள். ரெனே ஏதோ சொல்ல வாயெடுத்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் போய்விட்டாள். முகாம் முடியும்வரை டெஸ்ஸா ஒரு பந்தையும் எறியவில்லை.

வெளியே வந்தபோது பொழுது சாம்பலாகியிருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் காற்று காதை அறுத்தது. கர்ட் வாளியையும் பையையும் பின்னால் ஏற்றிவிட்டு வந்தான். டெஸ்ஸா ஏறாமல் வண்டிக் கதவோரம் நின்றிருந்தாள்.

"குளிருது, ஏறும்மா. ரோல் வாங்கட்டுமா?"

"வேணாம். அந்த வலது கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்கப்பா. கையால பொத்துங்க."

அவனுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினான். விளக்குக் கம்பங்களும் பனியும் மகளும் எல்லாம் ஒன்றாய் இருண்டு போயின. காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. எதிரே இருக்கிறாளா, நகர்ந்துவிட்டாளா என்றுகூடத் தெரியவில்லை.

"எத்தன விரல்?" என்று அவள் குரல் கேட்டது.

அவன் யோசித்தான். இந்த ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தான். எப்படியாவது சரியாக இருக்க வேண்டும் என்று கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டான்.

"ரெண்டு" என்றான்.

காத்திருந்து பார்த்தான். பிறகு கையை எடுத்தான். டெஸ்ஸா அவன் முன்னால்தான் நின்றிருந்தாள், முகமெல்லாம் நனைந்து. இரண்டு கைகளும் கோட்டுப் பைகளுக்குள் இருந்தன.