மாஸ்டர் சத்தியசீலனின் பன்னிரண்டாவது ஓட்டம்

மாஸ்டர் சத்தியசீலன் பதினோரு முறை பெரியவன் ஆகியிருந்தான். ஒரு முறைகூட பெரியவனாக வீட்டுக்கு வரவில்லை.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. படத்தின் தொடக்கத்தில் கதாநாயகனின் சின்ன வயசாக நடிக்கும் பையன் ஓடுவான். கேமரா அவன் கால்களை மட்டும் பார்க்கும். மறுபடி அது மேலே நிமிரும்போது மீசையும் தோளுமாகக் கதாநாயகர் ஓடிக்கொண்டிருப்பார். பையன் வளர வேண்டிய வளர்ச்சி அந்த ஓட்டத்தில் அவருக்குப் போய்விடும். அவர் அந்தப் பக்கம் காரில் ஏறிப் போவார். இந்தப் பக்கம் பையன் மூச்சிரைக்க, அதே பத்து வயதோடு அம்மாவிடம் திரும்பி வருவான். சத்தியசீலனைப் போல ஓட அந்தக் காலத்தில் ஆளே இல்லை. கொடி கட்டிப் பறந்தான். அவன் முகம் போட்ட நோட்டுப்புத்தகத்தில்தான் பாதித் தமிழ்நாடு வாய்ப்பாடு எழுதியது.

அவன் அம்மா கோசலைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இப்போது அறுபது. அவனுக்கு இப்போதும் பத்துதான். சாலிக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடமாக ஐந்தாம் வகுப்பைக் கண்ணும் கருத்துமாகப் படித்துக்கொண்டிருந்தான். கூடப் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் உட்கார வைத்து, சீலா, இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்கள். அவனும் பார்த்துக்கொண்டான்.

கோசலைக்கு முதலில் பெருமை பிடிபடவில்லை. என்றைக்கும் குழந்தையாகவே இருக்கும் பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? பிறகு முழங்கால் வலி வந்தது. தண்ணீர் வாளியைத் தூக்க முடியாமல் போனது. ஒரு நாள் காலையில் அவனுக்குத் தலை வாரிவிடும்போது கை நடுங்கி வகிடு கோணிக்கொண்டு போயிற்று. தனக்குப் பிறகு இந்தத் தலையை யார் வாருவார்கள் என்று நினைத்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வளர்ச்சியில் ஒன்றையாவது திருப்பிக் கேட்கலாம் என்று ஏழாவது கதாநாயகர் வீட்டுக்குப் போனாள். அவர் நல்ல மனிதர். எழுந்து நின்று வரவேற்று, காபி கொடுத்து, வேட்டியை ஒதுக்கி இடது முழங்காலைக் காட்டினார். சீலன் ஆறு வயதில் மாடிப்படியில் விழுந்த தழும்பு அங்கே அப்படியே இருந்தது. கோசலை அதைத் தொட்டுப் பார்த்தாள். தன் பிள்ளையின் கால் இவ்வளவு பெரிதாகியிருக்கிறதே என்று சாண் வைத்து அளந்து பார்த்தாள்.

"எல்லாத்தையும் வாழ்ந்து தீத்துட்டேம்மா," என்றார் அவர். "ரெண்டு பொண்ணுங்களைக் கட்டிக் குடுத்தாச்சு. சர்க்கரையும் வந்தாச்சு. திருப்பிக் குடுக்க ஒண்ணும் மிச்சமில்லை."

மற்ற பத்துப் பேரும் அதையே சொல்லி அனுப்பினார்கள்.

கடைசியில் முத்துவேலப்பன் என்கிற டைரக்டர்தான் வழி சொன்னார். அந்தப் படங்களில் நாலைந்துக்குக் கிளாப் அடித்தவர். பன்னிரண்டாவதாக ஒரு ஓட்டம் எடுக்கலாம், அந்தப் பக்கம் கதாநாயகர் யாரையும் நிறுத்தாமல் விட்டால் வளர்ச்சி பையனுக்கே சேர்ந்துவிடும் என்றார். கோசலை கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஆனா கதைன்னு ஒண்ணு இருக்கு பாருங்கம்மா. பையன் ஓடிப் பெரியவன் ஆயிட்டான்னா, அந்தப் பக்கம் அம்மா இருக்கறதில்லை. உங்க போட்டோ ஒண்ணு வேணும். முகம் தெளிவா இருக்கணும்."

பதினோரு படத்தையும் பார்த்தவளுக்கு அது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. ஆற்காடு ரோட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு, மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வடபழனிக்குப் பின்னால் ஒரு மண் ரோட்டில் கேமரா வைத்தார்கள். சீலனுக்குச் சட்டைப் பித்தானைப் போட்டுவிடும்போது அவன் கேட்டான்.

"அந்தப் பக்கம் நீ நிப்பியாம்மா?"

"நிப்பேன்டா. நீ திரும்பிப் பாக்காம ஓடு."

பெற்ற பிள்ளையிடம் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். அவன் ஓடினான். கேமரா கால்களுக்கு இறங்கியது. கால்கள் நீண்டன, முடி அடர்ந்தது. அது மேலே நிமிர்ந்தபோது முப்பத்தெட்டு வயது ஆள் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்த கோசலை, வீட்டுக் கூடத்துச் சுவரில் இருந்தாள்.

போட்டோவின் கண்ணாடிக்குள் கொஞ்சம் புழுக்கமாக இருந்தது. மற்றபடி குறை சொல்ல முடியாது. சீலன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். அவனே தலை வாரிக்கொண்டான். வகிடு நேராக இருந்தது. வேலைக்குப் போனான். கல்யாணம் செய்துகொண்டான். மருமகள் வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை மாற்றினாள். ஒரு பையன் பிறந்தான். எதுவானாலும் சீலன் கூடத்தில் வந்து நின்று, அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தான். இதற்குத்தானே ஆசைப்பட்டோம் என்று அவள் இருந்தாள். அவனை ஒரு தடவை தொட முடிந்தால் போதும் என்றுதான் இருந்தது.

பேரனுக்கு ஐந்து வயது முடிந்த வாரம் சீலன் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அம்மா, உன் பேரனைப் படத்துக்குக் கேக்குறாங்க. ஹீரோவோட சின்ன வயசு. சும்மா ஒரு ஓட்டந்தான். நீ சரின்னு சொன்னாத்தான் ஒத்துக்குவேன்."

வேண்டாம் என்றாள் கோசலை. உயிரைக் கொடுத்து, வேண்டாம்டா வேண்டாம்டா என்று கத்தினாள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மாலையிலிருந்து ஒரு சாமந்தி கழன்று, சீலனின் காலடியில் விழுந்தது.

அவன் குனிந்து அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அம்மா உத்தரவு குடுத்துட்டாங்க," என்று உள்ளே குரல் கொடுத்தான்.

மருமகள் ஒரு பழைய நாள்காட்டித் தாளும் பென்சிலும் எடுத்துவந்தாள். ஓட்டத்துக்குப் போடும் ஷூவுக்கு அளவு வேண்டும் என்று படக்காரர்கள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பேரனை அந்தத் தாளின் மேல் நிறுத்தி, அசையாதே என்று சொல்லி, அவன் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள்.